மிளகாயில் சுருட்டை, தேமல், கருகல்: வைரஸ்தானா என்று கண்டறியும் வழிமுறை

மிளகாய் வயலில் இலை சுருண்டாலே அதற்கு 'வைரஸ்' என்று பெயர் வைத்துவிடுவது இராமநாதபுரம் தொடங்கிக் குண்டூர் வரை வழக்கமாகிவிட்டது. அப்படிப் பெயர் சூட்டப்பட்டுப் பயிர் மருத்துவ மையத்துக்கு வரும் செடிகளில் கணிசமானவற்றின் குருத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால், சிலந்தியோ (மைட் எனும் நுண்ணிய உயிரி) இலைப்பேனோதான் (த்ரிப்ஸ்) இருக்கும். உண்மையாகவே வைரஸ் தாக்கிய செடியிலும், அது எந்த வைரஸ் என்பதை வெறுங்கண்ணால் தீர்மானிக்க முடிவதில்லை. எந்தப் பூச்சியைத் தேட வேண்டும், ஆய்வகத்தில் எந்தச் சோதனையைக் கேட்க வேண்டும் என்ற இரண்டை மட்டுமே அறிகுறி சொல்லும். இந்த வழிமுறையும் அந்த அளவுக்கே அறிகுறியை நம்புகிறது. ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும், செலவு பிடிக்கும் காரணம் கடைசியிலும் வருகின்றன.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

செடியைத் தொடுவதற்கு முன் வரப்பில் நின்று பாதிப்பு பரவியிருக்கும் விதத்தைப் பாருங்கள். வயல் முழுதும் ஒரே சீராக, ஒரே வாரத்தில் வந்திருந்தால் உரம், தண்ணீர், அடித்த மருந்து ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். காற்று வரும் பக்கத்து ஓரத்தில் மட்டும் கடுமையாக இருந்து உள்ளே போகப்போகக் குறைந்தால் பக்கத்து வயலில் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்திருக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கி, பாதித்த செடியின் அருகிலிருந்த நல்ல செடிகளும் வாரந்தோறும் விழுந்தால் பூச்சி பரப்பும் வைரஸுக்கு வாய்ப்பு அதிகம். ஆள் நடந்து வேலை செய்த வரிசையோடு நீளவாக்கில் போனால் கைப்பட்டுப் பரவும் வைரஸை நினைக்க வேண்டும்.

பிறகு பாதித்த குருத்தை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். நடுத்தர வேகத்தில் ஓடும் மெல்லிய குச்சி போன்றவை இலைப்பேன்கள். பறந்தெழுபவை வெள்ளை ஈக்கள். கூட்டமாக ஒட்டியிருந்து மெதுவாக நகர்பவை அசுவினிகள். தாளில் எதுவும் விழாவிட்டால் பூச்சி இல்லை என்று பொருளாகாது. முரணைச் சிலந்தி தட்டினால் விழாது, விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

அறிகுறி: இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து சுருளுதல்

இதில் முதல் சந்தேகம் எப்போதும் மஞ்சள் முரணைச் சிலந்தியின் மேல்தான் விழ வேண்டும். இலை கவிழ்த்த ஓடம்போல் விளிம்பு கீழே மடங்கும். இலைக்காம்பு வழக்கத்தைவிட நீளும். அடிப்பக்கம் செம்பழுப்பு நிறமேறிச் சொரசொரப்பாகும். இன்னும் முழுதாக விரியாத இளங்கொழுந்தின் அடிப்பக்கத்தை 20 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். சிலந்தியே தெரியாவிட்டாலும் அதன் முட்டை தெரியும்: கண்ணாடிபோன்ற நீள்வட்ட முட்டையின் முதுகில் வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கும். இதை ஒருமுறை பார்த்துவிட்டால் வேறெதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

முட்டை தெரிந்தால் நனையும் கந்தகமோ, மிளகாய்க்குப் பரிந்துரைக்கப்பட்ட சிலந்திக்கொல்லியோ பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவில் மாலை வேளையில் அடித்துவிட்டு, அதன்பின் வரும் துளிரை மட்டும் இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள். ஏற்கெனவே சுருண்ட இலை நிமிராது. அதைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று முடிவு செய்ய வேண்டாம். புதுத்துளிர் சீராக வந்தால் காரணம் சிலந்திதான், ஆய்வகத்துக்குச் செலவிட வேண்டியதில்லை.

புதுத்துளிரும் சுருண்டே வந்தால் இரண்டு சாத்தியங்கள் உண்டு. ஒன்று, மருந்து குருத்தின் மடிப்புக்குள் எட்டவில்லை. இன்னொருமுறை லென்ஸில் பார்த்து உயிருள்ள முட்டை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். மற்றொன்று, சிலந்தியோடு இலைச்சுருள் வைரஸும் சேர்ந்திருக்கிறது. இந்தச் சிலந்தி வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டு செடி விட்டுச் செடி பயணம் செய்யும் என்பதால், இரண்டும் ஒரே செடியில் இருப்பது அரிதன்று. அப்போது அடுத்த பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: இலை மேல்நோக்கிச் சுருண்டு, செடி குட்டையாகிப் புதராதல்

இங்கேயும் விலை குறைந்த காரணம் இலைப்பேன். இலை ஓடம்போல் மேலே மடங்கும், அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல் மினுங்கும், நரம்புகள் தடிக்காது. 2021ஆம் ஆண்டு ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மிளகாயைப் பெருமளவில் அழித்த கருநிற இலைப்பேன் இலையைவிடப் பூவுக்குள்தான் அதிகம் இருக்கும். ஆகவே நாலைந்து பூக்களைப் பறித்துத் தாளில் உதிர்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

இலை மேல்நோக்கிச் சுருள்வதோடு இலைப்பரப்பு சிறுத்து, நரம்பு தடித்து, நரம்புகளுக்கிடையே மேடு பள்ளமாகப் புடைத்து, கணுவிடை குறுகி, பூ உதிர்ந்து செடி கொத்தாக நின்றால் அது மிளகாய் இலைச்சுருள் வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதைப் பரப்புவது வெள்ளை ஈ. ஒருமுறை வைரஸை உறிஞ்சிய ஈ பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் பரப்பிக்கொண்டே இருக்கும். செடியை வெட்டிய கத்தியாலோ கையாலோ இது பரவாது என்பதால், சுருட்டை விழுந்த செடியைத் தொட்டவரை வயலுக்குள் விடாமல் தடுப்பதில் பயனில்லை.

வயலிலேயே செய்யக்கூடிய சோதனைகள்:

அதிகாலையில், ஈக்கள் சோம்பிக் கிடக்கும்போது, இலையை மெதுவாகத் திருப்பி அடிப்பக்கத்தில் வெள்ளை ஈயும் அதன் செதில் போன்ற இளம்பருவமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்று ஈ இல்லை என்பது சாட்சியாகாது. நோயைக் கொடுத்த ஈ மூன்று வாரத்துக்கு முன் வந்து போயிருக்கும்.

சுருண்ட செடியில் அடிக்கடி அடித்த பூச்சிக்கொல்லியின் பட்டியலை எழுதி வையுங்கள். கலந்தடித்த மருந்தால் குருத்து கருகிச் சுருள்வதும் உண்டு. அப்படிப்பட்ட வயலில் மருந்தை நிறுத்திய பிறகு வரும் துளிர் நன்றாக இருக்கும்.

அருகில் பருத்தி இருந்தால் அதையும் பாருங்கள். பக்கத்துச் சோள வயலிலோ கரும்பு வயலிலோ அடித்த 2,4-டி களைக்கொல்லி பருத்தியைத்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பருத்தி இலை விரல்போல் பிளந்து நீண்டு, மிளகாய் இலை நாடாபோல் ஒடுங்கி, நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடினால் வைரஸ் தேட வேண்டியதில்லை.

இவை எதுவும் பொருந்தாவிட்டால், வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை தேவை. இந்த வைரஸ்கள் வட்ட வடிவ ஒற்றை இழை டி.என்.ஏ. கொண்டவை என்பதால் மாதிரியை ஐஸில் வைக்க முடியாவிட்டாலும் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி அனுப்பலாம். மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம் வழியாகவோ, கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறைக்கோ அனுப்ப வேண்டிய கட்டம் இதுதான்.

முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். நட்டு ஒரு மாதத்துக்குள் சுருட்டை விழுந்த செடி காய்க்கப்போவதில்லை; அதைப் பிடுங்கி மண்ணில் புதைத்துவிடுவதே நல்லது. கடையில் 'வைரஸ் மருந்து' என்று விற்கும் புட்டிகளில் எதுவும் செடிக்குள் புகுந்த வைரஸை அகற்றாது. அடுத்த பருவத்துக்கு நாற்றங்காலை நைலான் வலையால் மூடுவது பெரிய பலன் தரும். நேரடி விதைப்பு செய்யும் மானாவாரி முண்டு மிளகாய்க்கு நாற்றங்கால் இல்லாததால் அந்த வழி அடைபட்டிருக்கிறது. அங்கே ஓரப்பயிராகச் சோளமும், தொடக்கத்திலேயே பாதித்த செடியைக் களைவதும்தான் மிச்சம்.

அறிகுறி: தேமல், நரம்போரம் கரும்பச்சை, இலை ஒடுங்குதல்

வெளிர்பச்சையும் கரும்பச்சையும் மாறிமாறித் தெரிந்தால் முதலில் சத்துக் குறைபாட்டை ஒதுக்குங்கள். மக்னீசியம், இரும்பு, மாங்கனீசு குறைந்தால் வரும் மஞ்சள் நடுநரம்பின் இருபுறமும் ஒத்த அமைப்பில் இருக்கும். இரும்புக் குறைபாடு இளம் இலையிலும், மக்னீசியக் குறைபாடு முதிர்ந்த இலையிலும் முதலில் தெரியும். வைரஸ் தேமலுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. ஒரே இலையின் இடப்பக்கம் ஒரு மாதிரியும் வலப்பக்கம் வேறு மாதிரியும் இருக்கும். நுண்ணூட்டத்தை இலைவழியாகத் தெளித்துப் பத்து நாளில் பச்சை திரும்பினால் அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

திரும்பாவிட்டால் அசுவினி பரப்பும் இரண்டு வைரஸ்கள் முன்னிலை வகிக்கின்றன. இளம் இலையில் நரம்பை ஒட்டிக் கரும்பச்சைப் பட்டை ஓடி, இடையில் திட்டுத்திட்டாக வெளிறினால் மிளகாய் நரம்புத் தேமல் வைரஸைச் சந்தேகிக்கலாம். இலை மங்கலாகி, ஒளியிழந்து, நாடாபோல் ஒடுங்கி, முதிர்ந்த இலையில் வளையக் கோடுகள் தெரிந்தால் வெள்ளரித் தேமல் வைரஸைச் சந்தேகிக்கலாம். சந்தேகம்தான், முடிவு அன்று. இரண்டும் ஒன்றாக வந்தால் இந்த வேறுபாடு அழிந்துவிடும், அப்படி வருவதும் சகஜம்.

அசுவினி இந்த வைரஸை எடுக்கவும் கொடுக்கவும் சில நொடிகள் போதும். பூச்சிக்கொல்லி அசுவினியைக் கொல்வதற்குள் அது செடியைக் குத்திப் பார்த்திருக்கும். எனவே மருந்தடித்தும் தேமல் பரவுவது கண்டு கலப்பட மருந்து என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளமோ மக்காச்சோளமோ இருந்தால், வரும் அசுவினி தன் வாயுறுப்பில் ஒட்டியிருக்கும் வைரஸை அங்கே துடைத்துவிட்டுத்தான் மிளகாய்க்கு வரும்.

உறுதி செய்ய, வைரஸின் புரதத்தை எதிர்ப்புரதத்தால் கண்டறியும் எலைசா சோதனை போதுமானது, விலையும் அதிகமில்லை. ஆனால் ஆரோக்கியமான இலை ஒன்றையும் கண்டிப்பாக அனுப்புங்கள். அதன் அளவீட்டைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்தால்தான் நோய் உண்டு என்று ஆய்வகம் சொல்லும். ஒப்பிட வேறு பயிரின் இலையை வைத்தால் கணக்கு கெட்டுவிடும்.

அறிகுறி: வளையப் புள்ளி, குருத்துக் கருகல், தண்டில் கருங்கோடு

குருத்து கருகினால் பூஞ்சாணம் முதலில் நினைவுக்கு வர வேண்டும். நுனிக்கருகல் நோயில் கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வைக்கோல் நிறமாகும்; காய்ந்த பகுதியில் கரும்புள்ளிகள் சிதறியிருக்கும். இந்தப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சாணக்கொல்லி, இல்லாவிட்டால் அடுத்த கட்டம்.

வைரஸ் கருகலில் இலையில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் தெரியும். பழுத்த பழத்திலும் மஞ்சள் வளையம் அழியாமல் நிற்கும். தமிழகத்தில் இத்தகைய மாதிரிகளில் நிலக்கடலை மொட்டுக் கருகல் வைரஸையும் அதன் நெருங்கிய உறவினரான குடைமிளகாய் வெளிறல் வைரஸையும் தேட வேண்டும். இரண்டையும் இலைப்பேன் பரப்புகிறது. இளம்பருவத்தில் வைரஸை உறிஞ்சிய இலைப்பேன்தான் வளர்ந்தபின் பரப்ப முடியும். ஆகவே வளர்ந்த பேன் பறந்துவந்த திசையைவிட, அது குஞ்சாக வளர்ந்த களையே முக்கியம். வயலோரக் களையை அகற்றுவது இங்கே வெறும் சடங்கன்று.

ஆய்வக வசதி இல்லாத வேளாண் அறிவியல் நிலையத்திலும் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. தட்டைப்பயறை வலைக்குள் வளர்த்து, முதல் இரண்டு இலை விரிந்ததும் அவற்றின் மேல், இலையில் நுண்கீறல் உண்டாக்கும் கார்போரண்டம் தூளை மெல்லியதாகத் தூவுங்கள். நோய்ப்பட்ட மிளகாய்க் கொழுந்தை, பாஸ்பேட் தாங்கல் கரைசலில் சிறிது சோடியம் சல்பைட் சேர்த்து, ஐஸ் மேல் வைத்த குளிர்ந்த உரலில் அரையுங்கள். சாறு சூடானாலோ நேரம் தாமதித்தாலோ வைரஸ் செயலிழக்கக்கூடும். சாற்றை விரலால் ஒருமுறை மட்டும் இலை மேல் வருடிவிட்டு, உடனே தண்ணீரில் கழுவுங்கள். நான்கைந்து நாளில் தேய்த்த இலையில் வட்ட வட்டமான வெளிறலோ கருகலோ தோன்றினால் வைரஸ் இருக்கிறது.

எந்த வைரஸ் என்பதை மட்டும் இந்த இலை சொல்லாது. பார்த்தீனியத்தில் அறிகுறியின்றி ஒளிந்திருந்து மகரந்தத்தோடு இலைப்பேன் வழியே பரவும் புகையிலைக் கீற்று வைரஸும் தட்டைப்பயறில் கருகல் புள்ளி போடும். 2000ஆம் ஆண்டு அனந்தபூரில் நிலக்கடலையை நாசமாக்கியது அந்த வைரஸ்தான். வயலைச் சுற்றிப் பார்த்தீனியம் பூத்து நின்றால் இரண்டுக்கும் சேர்த்து எலைசா கேளுங்கள்.

அறிகுறி: இலை ஓரளவு நன்றாக இருக்க, காய் மட்டும் கோணுதல்

காயின் நுனியில் தட்டையான பழுப்புத் திட்டு விழுந்தால் சுண்ணாம்புச்சத்துக் குறைபாடும் ஒழுங்கற்ற பாசனமும் காரணம். வெயில் படும் பக்கத்தில் மட்டும் வெளுத்தால் வெயில் கருகல். இவற்றுக்கு ஆய்வகம் வேண்டாம்.

காய் முண்டும் முடிச்சுமாகி, நிறம் கலந்து வந்து, இலையில் மிக மெல்லிய தேமல் மட்டும் இருந்தால் மிளகாய் மிதத் தேமல் வைரஸைச் சந்தேகியுங்கள். ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் குடைமிளகாய் வளர்ப்போர் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இதற்குப் பூச்சி தேவையில்லை. விதையுறையில் வரும், கவாத்துக் கத்தியில் வரும், கட்டும் நூலில் வரும், முந்தைய பயிரின் காய்ந்த வேரில் மண்ணோடு காத்திருக்கும். புகையிலைத் தேமல் வைரஸும் இதே குடும்பம்.

நோய்ப்பட்ட இலைச்சாற்றைப் புகையிலை இனச் செடியான நிக்கோட்டியானா குளுட்டினோசாவின் இலையில் தேய்த்தால் இரண்டு மூன்று நாளில் கருகல் புள்ளிகள் வரும். வெள்ளரித் தேமல் வைரஸ் அதே செடியில் புள்ளி போடாமல் செடி முழுதும் தேமலாகப் பரவும். சில நிமிடத்தில் முடிவு சொல்லும் பட்டைச் சோதனைகளும் இந்தக் குடும்பத்துக்கு நன்றாக வேலை செய்கின்றன. விதையைச் சந்தேகித்தால் 10 சதவீத டிரைசோடியம் பாஸ்பேட் கரைசலில் அரைமணி நேரம் ஊறவைத்து நன்கு கழுவி விதையுங்கள். இது விதையுறையின் மேலிருப்பதைத்தான் அகற்றும்.

தடுப்பு மரபணு உள்ள குடைமிளகாய் ரகம் வாங்கியும் நோய் வந்தால் தொழில்முறை உதவியைத் தாமதிக்க வேண்டாம். அந்த மரபணுவின் நான்கு படிகளும் (மாற்று வடிவங்களும்) வைரஸின் வெவ்வேறு இனக்கூறுகளைத் தடுக்கின்றன. கடும் வெப்பத்தில் சில படிகள் பணிந்தும் போகும். எந்த இனக்கூறு என்பதைத் தெரியாமல் ரகத்தை மாற்றுவது வீண்செலவு.

மாதிரி எடுத்து அனுப்பும்போது

ஆய்வகத்தில் முடிவு தவறுவதைவிட, பையில் மாதிரி அழுகுவதே அதிகம் நடக்கிறது. காலையில், அறிகுறி தெளிவாகத் தெரியும் இளம் இலையைப் பறியுங்கள். காய்ந்த இலையும் முற்றிய இலையும் வேண்டாம். தண்ணீரில் கழுவி ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடக் கூடாது. மெல்லிய தாளில் சுற்றிப் பையிலிட்டு ஐஸ் பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் சேர்ப்பியுங்கள், ஆர்.என்.ஏ. வைரஸ்களுக்கு இந்தக் குளிர்ச்சி கட்டாயம். வெவ்வேறு அறிகுறி காட்டும் செடிகளை ஒரே பையில் கலக்க வேண்டாம். ரகம், நட்ட தேதி, அறிகுறி தொடங்கிய தேதி, கடைசியாக அடித்த மருந்து, வயலில் பாதித்த செடிகளின் தோராயமான பங்கு ஆகியவற்றைப் பென்சிலில் எழுதுங்கள்; பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.

சிக்கல்: அறிகுறி கடுமையாக இருந்தும் பி.சி.ஆர். இல்லை என்கிறது

முதலில் சிலந்தியை மறுபடியும் தேடுங்கள். சிலந்தி இல்லையென்றால் சோதனை வேலை செய்ததா என்று கேளுங்கள்: மிளகாய்ச் செடியின் சொந்த மரபணுவை அதே மாதிரியில் பெருக்கிப் பார்த்தார்களா? அதுவும் பெருகவில்லையெனில் இலையிலிருந்து வந்த வேதிப்பொருள்கள் வினையைத் தடுத்திருக்கின்றன; பிரித்தெடுத்த டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்த்துத் திரும்பச் செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். செடியின் மரபணு பெருகி, வைரஸ் மட்டும் இல்லையென்றால் தேடிய வைரஸ் தவறு. இலைச்சுருளுக்கு மட்டும் பார்த்தவர்களிடம் அசுவினி பரப்பும் நரம்பு மஞ்சள் வைரஸுக்கும் பார்க்கச் சொல்லலாம்; அதுவும் இலையை மேல்நோக்கிச் சுருட்டும்.

சிக்கல்: முடிவில் வைரஸ் பெயர் வந்தும் நம்ப முடியவில்லை

நிலக்கடலை மொட்டுக் கருகல் வைரஸின் எதிர்ப்புரதம் குடைமிளகாய் வெளிறல் வைரஸையும் பிடிக்கும், இரண்டும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. எலைசா முடிவை மட்டும் வைத்து இவற்றில் ஒன்றை எழுதிவிடக் கூடாது. நியூக்ளியோகேப்சிட் (N) புரத மரபணுவை வரிசைப்படுத்தி, அமினோ அமில ஒப்புமை 90 சதவீதத்துக்கு மேல் எதனோடு வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இலைச்சுருள் வைரஸில் இதைவிடக் கவனம் தேவை. ஐந்நூறு சொச்சம் எழுத்து (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகு) நீளமுள்ள துண்டை வரிசைப்படுத்திப் பெயர் வைப்பது மலிவானது. ஆனால் இந்த வைரஸ்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்பவை என்பதால் தலை ஒன்றாகவும் வால் வேறாகவும் இருக்கக்கூடும். வட்ட டி.என்.ஏ.வைச் சுழல்முறையில் பெருக்கி, வெட்டும் நொதியால் வெட்டி, ஏறத்தாழ 2,700 எழுத்து நீளமுள்ள முழு மரபணுத் தொகுதியையும் வரிசைப்படுத்துங்கள். அறியப்பட்ட இனத்தோடு 91 சதவீதமும் அதற்கு மேலும் ஒத்தால் அதே இனம். குறைந்தால் புதிய இனமாகக் கருத வேண்டும். அதே வெட்டில் 1,350 எழுத்தளவில் இன்னொரு பட்டை தெரிந்தால் அதைக் குப்பையென்று ஒதுக்காதீர்கள். அது பீட்டா துணைக்கோள், அதாவது வைரஸைச் சார்ந்து பெருகும் சிறு டி.என்.ஏ. வட்டம். பல மாதிரிகளில் சுருட்டையின் கடுமைக்கு அதுவே காரணம்.

சிக்கல்: ஒரே செடியில் பல வைரஸ்களின் பெயர்கள்

செடியிலுள்ள மரபுப்பொருள் முழுவதையும் ஒருசேரப் படிக்கும் உயர்திறன் வரிசைப்படுத்தலுக்குக் கொடுத்தால் பட்டியலாக வரும். அதில் குடைமிளகாய் எண்டோர்னா வைரஸும் மிளகாய் மறைவைரஸும் இருந்தால் அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அவை விதை வழியாகத் தலைமுறை தலைமுறையாக இருந்தும் செடிக்கு அறிகுறி தருவதில்லை, பூச்சியாலும் பரவுவதில்லை. மிச்சமுள்ள ஒவ்வொன்றையும் தனித்தனி பி.சி.ஆரில், நோயுள்ள செடியிலும் நோயற்ற செடியிலும் தேடுங்கள். இரண்டிலும் இருப்பது குற்றவாளியாக இருக்க வாய்ப்பு குறைவு.

புதிய இனமே நோய்க்குக் காரணம் என்று எழுதுவதற்கு முன் அந்த வைரஸின் நகலை அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியத்தின் வழியாக நல்ல செடிக்குள் செலுத்தி, அதே அறிகுறி வருகிறதா என்று காட்டியாக வேண்டும். இது பல்கலைக்கழகமோ, புதுதில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வைரஸ் ஆய்வுப் பிரிவோ செய்ய வேண்டிய வேலை. அந்தக் கட்டம் வரை போகக்கூடிய செடியைப் பிடுங்கி எறிந்துவிடாமல், வேரோடு தோண்டித் தொட்டியில் வைத்து, பூச்சி புகாத வலைக்கூண்டுக்குள் உயிரோடு வைத்திருங்கள். ஆய்வகம் இரண்டாம் முறை இலை கேட்கும்.